பாயை இறுக்கினால் படகு நின்றுவிடும்

ரேடியோ கருவியால் இயக்கும் சிறிய பாய்மரப் படகை ஆசையாக வாங்குவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் விட்டுப் பார்ப்பார்கள். காற்றோடு சேர்ந்து அக்கரைக்குப் போகும் படகு திரும்பி வர மறுக்கும். அதன் பிறகு அது ஸ்டோர் அறையில்தான் கிடக்கும். பெரும்பாலும் பழுது படகில் இல்லை, பாயைக் கட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

இந்தப் படகுக்கு மோட்டார் கிடையாது. பேட்டரி இயக்குவது இரண்டு சர்வோக்களை மட்டுமே. ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றொன்று பாய்க்கயிற்றை இழுக்கும், தளர்த்தும். முன்பாயும் பெரிய பாயும் அந்த ஒரே இழுப்புக்குக் கட்டுப்பட்டவை. மற்றதையெல்லாம் கரையிலேயே சரிசெய்து அனுப்ப வேண்டும். ரியாவ் தீவுகளில் மலாய்க்காரர்கள் போட்டிக்கு விடும் 'ஜோங்' படகில் ரேடியோவும் இல்லை. அன்றைய காற்றுக்கு ஏற்பப் பாயை வைத்துக் கையை விட்டால், பிறகு அது போனதுதான் வழி.

புதிதாகத் தொடங்குவோருக்கு 65 செண்டிமீட்டர் நீளமுள்ள 'டிராகன்ஃபோர்ஸ் 65' போதும். பாகங்களாக வரும், வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். சொந்தமாகக் கட்ட விரும்புவோர் 'ஐஓஎம்' எனும் ஒரு மீட்டர் வகைக்குப் போகலாம். மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதில் 2.2 முதல் 2.5 கிலோ வரை அடியில் தொங்கும் தகட்டிலும் ஈயக் குண்டிலும் இருக்கும். பாதி எடைக்கு மேல் தண்ணீருக்குள் தொங்குவதால்தான் எவ்வளவு சாய்ந்தாலும் படகு நிமிர்ந்துவிடுகிறது. படகின் உடலை மரத்தில் கட்டலாம், கண்ணாடி நாரில் வார்க்கலாம். விலை உயர்ந்த கார்பன் நாருக்கு அங்கே அனுமதியில்லை. பணம் உள்ளவர் மட்டும் ஜெயிக்கக் கூடாது என்பது நல்ல ஏற்பாடு.

இவ்வகைப் படகு 40 செண்டிமீட்டர் அளவுக்கு ஆழம் கேட்கும். தாமரையும் பாசியும் மண்டிய குளம் ஆகாது. ஏரிக்குப் போகுமுன் பெரிய தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, எங்கே ஒழுகுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ரிசீவரின் ஏரியலை நீர்மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது.

இனி பாய். காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. சுமார் 45 பாகை ஒதுங்கி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இது தெரியாமல் படகை நேராகத் திருப்பிவிட்டு, அது நின்றதும் பாயை இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்கக் காற்று படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும், முன்னே தள்ளாது. முழுக்க இழுத்த நிலையிலும் பெரிய பாயின் கீழ்க்கம்பு நடுக்கோட்டைவிட்டுச் சற்றே விலகியிருக்க வேண்டும். முன்பாயின் கம்பு அதைவிட அதிகம் விலகியிருக்கட்டும்.

பாய் பலகைபோல் விறைப்பாக இருக்கக் கூடாது. கீழ்க்கம்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு தொப்பை வேண்டும். பாயின் மேல்நுனி கீழ்ப்பகுதியைவிடக் கொஞ்சம் வெளியே திறந்திருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்று மெலிந்து, திசை மாறிக்கொண்டே இருக்கும். அப்போது இந்தத் தளர்ச்சிதான் படகை நகர்த்துகிறது. காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பாயில் பழைய கேசட் நாடாத் துண்டை ஒட்டலாம். வீட்டில் இன்னும் கேசட் வைத்திருப்போருக்கு அதுவும் ஒரு பயன்.

அடுத்தது பாய்மரத்தின் சாய்வு. சுக்கானை நடுவில் வைத்து ஓடவிடுங்கள். படகு தானாகவே காற்றை நோக்கி வேகமாகத் திரும்பினால் மரத்தை முன்னே கொஞ்சம் சாய்க்க வேண்டும். காற்றைவிட்டு விலகி ஓடினால் பின்னே சாய்க்க வேண்டும். காற்றை நோக்கி மெல்லத் திரும்பும் குணம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, பேனாவால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

காற்று செத்துப் படகு நடுநீரில் நின்றால் நீந்திப் போகக் கூடாது, அதுவும் பழைய ஈயக்குட்டையில் வேண்டவே வேண்டாம். கரையோரம் ஆழமில்லாததுபோல் தெரிந்து, அடுத்த அடியிலேயே தரை இல்லாமல் போகும் இடங்கள் அவை. தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி எடுத்துப் போங்கள். படகுக்கு அப்பால் எறிந்து மெல்ல இழுத்தால், நரம்பு பாய்மரத்திலோ சுக்கானிலோ சிக்கி, படகு கரைக்கு வந்துவிடும்.