ஃபிரிட்ஜின் எண்ணும் உண்மைக் குளிரும்

சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பின்னர், பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், வாங்கிய இறைச்சியைப் பல நாள் வைத்துச் சமைப்பது வழக்கமாகிவிட்டது. குழந்தையின் பால், பெரியவர்களின் இன்சுலின், ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானி இறைச்சி என யாவும் ஒரே பெட்டியை நம்பியிருக்கின்றன. அந்தப் பெட்டியின் குளிர் நாம் நினைக்கும் அளவில் இருக்கிறதா என்பதை எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்?

எண் என்பது டிகிரி அன்று

ஃபிரிட்ஜினுள் உள்ள திருகில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கும். 4-இல் வைத்தால் 4 டிகிரி என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது தவறு. கம்ப்ரஸர் எந்தக் குளிரில் நிற்க வேண்டும் என்பதற்கான வரிசையே அந்த எண். பெரிய எண் என்றால் கூடுதல் குளிர், அவ்வளவே. எண்களுக்குப் பதில் டிகிரி காட்டும் புதிய பெட்டிகளிலும், பலவற்றில் தெரிவது நாம் கேட்ட அளவுதானே தவிர, உள்ளே நிலவும் அளவன்று.

இரண்டு கதவுப் பெட்டிகள் பலவற்றில் இரு திருகுகள் உண்டு. ஒன்று கம்ப்ரஸரை ஆள்வது. மற்றொன்று குளிர்காற்றை மேலும் கீழும் பங்கிடுவது. ஃப்ரீஸருக்கே முழுக் காற்றையும் திருப்பிவிட்டால் கீழ்த்தட்டில் பால் திரிந்துபோவதில் வியப்பில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

ஃபிரிட்ஜுக்கென விற்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் விட்டு, அதில் வெப்பமானியைச் சில நிமிடங்கள் வையுங்கள். 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 2 காட்டினால், பின்னர் வரும் அளவுகளிலும் 2-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இரவு முழுதும் வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருத்தல் நலம். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அது பயன்படாது. ஆகவே மிகுந்த குளிரும் கேடே.

ஃப்ரீஸரில், உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே வெப்பமானியை வைத்து மறுநாள் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி என்பதே சரியான அளவு. ஆனால் எல்லா ஃப்ரீஸரும் அந்த அளவை எட்டுவதில்லை. ஃப்ரீஸர் கதவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் மைனஸ் 6, இரண்டு இருந்தால் மைனஸ் 12, மூன்று இருந்தால் மைனஸ் 18 டிகிரி என்று பொருள். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டு வேறு, இது வேறு. ஒரு நட்சத்திர ஃப்ரீஸரில் இறைச்சியை ஒரு வாரத்துக்கு மேல் வைப்பது தகாது.

திருகை மாற்றினால் ஒரே நேரத்தில் ஓர் எண் மட்டும் மாற்றி, ஒரு முழு நாள் கழித்து மீண்டும் அளவு பாருங்கள்.

குறையைக் கண்டறிதல்

மேலும் கீழும் குளிர் குறைந்திருந்தால் முதலில் கதவின் ரப்பரைச் சோதியுங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் காற்று புகுகிறது. ரப்பரைச் சோப்பு கலந்த வெந்நீரால் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பெட்டியின் பின்னால் கம்பிச் சுருள் தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் தூசியை அகற்றுங்கள். அடுப்பருகில் உள்ள பெட்டியை அகற்றி வையுங்கள். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி வெயில் பதிவானது. அத்தகைய கோடையில் அடுப்பின் வெப்பமும் சேர்ந்தால் எந்தப் பெட்டியும் திணறும்.

ஃப்ரீஸர் நன்றாக இருந்து கீழே மட்டும் குளிர் இல்லையெனில், காற்று வரும் துவாரத்தைப் பாத்திரம் அடைத்திருக்கலாம். அல்லது பனி அடைத்திருக்கலாம். பெட்டியை அணைத்து, கதவைத் திறந்து, பனி முழுதும் உருக விடுங்கள். சில நாளில் மீண்டும் அடைத்தால், பனியுருக்கும் ஹீட்டரோ விசிறியோ பழுதாகியிருக்கக்கூடும். பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ வாயு தீப்பற்றும் தன்மையுடையது.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, கீழ்த்தட்டில் காய்கறியும் உறைந்தால், தெர்மோஸ்டாட் அல்லது சென்ஸர் மீதே ஐயம் கொள்ள வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

"கேஸ் போட வேண்டும்" என்றால்

மெக்கானிக் வந்ததும் இவ்வாறு கூறினால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். ஃபிரிட்ஜின் வாயு பெட்ரோலைப் போலச் செலவாவதன்று. மூடிய குழாயில் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் வாயு நிரப்புவது வீண் செலவு. நீங்கள் குறித்துவைத்த அளவுகளைக் காட்டினால், நல்ல மெக்கானிக்குக் குறையைக் காண்பது எளிது.

பெருநாளும் புயலும்

குர்பானி இறைச்சியை ஒரேயடியாகத் திணித்தால், நல்ல ஃப்ரீஸரும் தன் குளிரை இழக்கும். நடுவில் உள்ள இறைச்சி உறையுமுன் கெடும். உறவினருக்கும் ஏழைகளுக்கும் உரிய பங்கை அன்றே கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தட்டையான சிறு பொட்டலங்களாக்கி, இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது, சென்னையிலும் புறநகரிலும் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. கதவைத் திறக்காதிருந்தால் ஃபிரிட்ஜில் 4 மணி நேரமும், தனிக்கதவு கொண்ட நிறைந்த ஃப்ரீஸரில் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்ததில் 24 மணி நேரமும் குளிர் தங்கும். ஒரு குவளை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்திருங்கள். மின்சாரம் வந்தபின் நாணயம் அடியில் கிடந்தால் ஃப்ரீஸர் உருகி மீண்டும் உறைந்தது என்று அறியலாம். அந்த இறைச்சியைக் குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டாம்.

உணவு இறைவன் தந்த அருட்கொடை. அது வீணாகாமலும், உண்பவருக்குத் தீங்காகாமலும் காக்க, வெப்பமானி ஒன்றும் ஓர் இரவுப் பொறுமையும் போதும்.