மருந்து அடித்த வயலில் தும்பிகள் எங்கே?

நெற்பயிர் பச்சை பிடித்ததும் நமது வட்டைகளில் மருந்து அடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அறக்கொட்டியான் எனப்படும் கபில நிறத் தத்தி வந்துவிடுமோ என்ற பயமே இதற்குப் பெரும்பாலும் காரணம். கடன்பட்டுச் செய்த வேளாண்மை சில நாட்களில் எரிந்து கருகுவதைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பூச்சியைக் காணுமுன்பே அடிக்கும் மருந்து, பல வேளைகளில் அதே பூச்சிக்கு வழிதிறந்து விடுகிறது.

வயலில் தேங்கி நிற்கும் நீரில் விவசாயிக்குச் சம்பளமின்றி வேலை செய்யும் ஒரு கூட்டமே வாழ்கிறது. தும்பியின் இளம் பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது. அங்கே அது நுளம்புக் குடம்பிகளைத் தின்கிறது. இறக்கை முளைத்த பின் பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கிறது. நீரின் மேற்பரப்பில் ஓடித்திரியும் சிறு பூச்சிகள், பயிரிலிருந்து தவறி விழும் தத்திகளைப் பிடித்து உறிஞ்சிவிடுகின்றன.

பூச்சிநாசினிக்கு நண்பன், எதிரி என்ற பேதம் தெரியாது. உதாரணமாக இமிடாகுளோபிரிட் பூச்சிகளின் நரம்புத் தொகுதியைத் தாக்குகிறது. அது நீரில் கரைந்து வாய்க்காலுக்கும் செல்கிறது. மிகக் குறைந்த அளவிலேயே சில நீர்ப்பூச்சிகள் அசைய முடியாமல், உண்ண முடியாமல் மடிகின்றன.

தத்தியின் முட்டைகளோ நெற்பயிரின் இலைமடலுக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன. மருந்தின் வீரியம் தணிந்ததும் அவை பொரிக்கின்றன. அப்போது தின்பதற்கு எதிரி இல்லை. ஒரு பெண் தத்தி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தும்பி மீண்டும் பெருக அதைவிட நீண்ட காலம் தேவை. எனவே இரண்டாம் முறை மருந்து, பின்னர் மூன்றாம் முறை. செலவு ஏறுகிறது, பூச்சி குறைவதில்லை.

இந்தோனேசியா இதை அனுபவத்தில் கண்டது. 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. மருந்துக்கு வழங்கிய மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. மருந்துப் பாவனை பெரிதும் குறைந்தது. நெல் உற்பத்தி வீழ்ச்சியடையவில்லை.

பாதிப்பு வயலோடு நிற்பதுமில்லை. ஜப்பானின் சின்ஜி ஏரியைச் சூழவுள்ள வயல்களில் 1993 முதல் இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் பயன்படுத்தப்பட்டன. அதன்பின் ஏரியில் மீன்களுக்கு உணவான நுண்ணிய உயிரினங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆண்டுக்கு சுமார் 240 தொன்னாக இருந்த ஒருவகைச் சிறுமீன் பிடிபாடு 22 தொன்னாகச் சரிந்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பிருப்பதாக 2019இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. நமது வயல்நீரும் இறுதியில் குளத்துக்கும் களப்புக்கும்தான் வடிகிறது. விவசாயியின் மருந்து மீனவரின் வலையில் வந்து நிற்கிறது.

மருந்தே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். அயலவர் அடிக்கிறார் என்பதற்காக அடிக்காமல், பயிரின் அடித்தண்டை விரித்துப் பார்த்து, தத்திகளை எண்ணி முடிவெடுப்போம். விதைத்து முதல் 40 நாட்களுக்குள் இலையில் தெரியும் சிறு சேதத்துக்கு மருந்து தேவையில்லை. பயிர் தானாகவே தேறிக்கொள்ளும். அடிக்கத்தான் வேண்டுமெனில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு உரிய அளவில் அடிப்போம். வக்கடையை அடைத்து, மருந்து கலந்த நீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்வோம். மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவும் பழக்கத்தை இன்றே நிறுத்துவோம்.

வயலில் தும்பி பறந்தால் அந்த நீர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த போத்தலை வாங்குமுன் ஒருமுறை வரம்பில் நின்று அதைத் தேடிப் பாருங்கள்.