கோடைமலையில் ஒரு சூரிய ஆல்பம்

சூரியன் கன்னங்கரேலென்று இருக்கிறது. அதன் மேலுள்ள புள்ளிகள் மட்டும் வெளேரென்று தெரிகின்றன. இப்படி ஒரு சூரியனைப் பார்த்திருக்கிறீர்களா? கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தகடு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சூரியன் அப்படித்தான் தெரியும்.

செல்போன் கேமராவே பார்த்துப் பழகிய உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்திலுள்ள உப்பு, மருந்து நீரில் கழுவும்போது வெள்ளி உலோகத் துகளாக மாறும். அந்தத் துகள் பளபளக்காது, கறுப்பாக இருக்கும். வெளிச்சம் நிறையப் பட்டால் நிறையக் கறுப்பு. அதனால்தான் சூரியன் கறுத்துவிடுகிறது. சூரியப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் குறைவு, ஆகவே அந்த இடம் வெளுத்திருக்கிறது. இதுதான் நெகட்டிவ்.

முதலில் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டியிருந்தது. உலர்ந்த தகடுகள் வந்த பிறகு, பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. அப்படிப்பட்ட தகடுகளை 1880 வாக்கில் ஆலையில் செய்து விற்கத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் அவர் வாழ்ந்த மாளிகை 1949 முதல் புகைப்பட அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போக முடியாவிட்டால் என்ன? நம் பழனி மலையிலுள்ள கோடைக்கானலில், வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஓர் ஆல்பமே இருக்கிறது!

சூரியனைப் படம் எடுக்க ஏன் மலை ஏறினார்கள்? இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். சூரியனில் நடக்கும் மாற்றங்களைக் கவனித்தால் மழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி எழுந்தது. சென்னை வானியல் நிலையத்தில் பணியாற்றிய சார்லஸ் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 2,343 மீட்டர் உயரம், தூசி குறைந்த காற்று, தெளிவான காலை நேரம் எல்லாம் அங்கே பொருந்தி வந்தன. 1899இல் ஆய்வகம் அமைந்தது, அவரே முதல் இயக்குநர் ஆனார். மழைக்கான எளிய சூத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் சூரியனைப் பற்றி வேறு பல சங்கதிகள் கிடைத்தன.

1904 முதல் அங்கே சூரியனைத் தொடர்ந்து படம் எடுத்துவருகிறார்கள். மேகம் மறைத்த நாட்கள் மட்டும் விடுபட்டுப்போகும். சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம், கால்சியம் அணு உமிழும் ஊதா நிறத்தில் மட்டும் ஒரு படம், ஹைட்ரஜனின் சிவப்பு நிறத்தில் மட்டும் ஒரு படம் என்று வகை வகையாக எடுத்தார்கள். முதல் வகைப் படத்தில் சூரியனின் ஒளிமண்டலம், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு, தெரியும். மற்ற இரண்டிலும் அதற்கு மேலே இருக்கும் நிறமண்டலம் தெரியும்.

1909 ஜனவரியில், அங்கே பணியாற்றிய வானியலாளர் ஜான் எவர்ஷெட் ஒரு தகட்டைக் கவனித்தார். அதில் இருந்தது சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படம். அதில் நேராக இருக்க வேண்டிய கோடுகள் புள்ளி இருந்த இடத்தில் சற்றே வளைந்திருந்தன. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். இதை வைத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாலா பக்கமும் வெளியே பாய்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே சொல்கிறார்கள்.

ஒரு தகட்டிலேயே இத்தனை தெரிகிறது. அடுத்தடுத்த நாட்களின் தகடுகளை வரிசையாக வைத்தால், புள்ளி ஒரு விளிம்பில் தோன்றி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மறு விளிம்புக்குப் போய்விடுவது தெரியும். சூரியன் தன்னைத் தானே சுற்றுகிறது! வருடக்கணக்கில் பார்த்தால், சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைவது புரியும். பிறந்தநாள்தோறும் ஒரே சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்ட பிள்ளைதான், எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று சொல்ல முடியும், இல்லையா? நூறாண்டைத் தாண்டிய இந்த ஆல்பத்தின் பெருமையும் அதுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் அவற்றைப் பார்க்கலாம்.

கோடைக்கானல் போனால் ‘அப்சர்வேட்டரி’ எங்கே என்று கேளுங்கள், வழி சொல்வார்கள். அங்கே பார்வையாளர்களுக்கென ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. வளாகத்தில் ஒரு சுரங்கத் தொலைநோக்கியும் இருக்கிறது. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலுள்ள கண்ணாடி சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்பும். அங்கிருந்து 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் ஒளி பாயும். 36 மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் 34 சென்டிமீட்டர் அகலச் சூரியனை விழச் செய்யும்.

இதன் தம்பியை நீங்களே செய்யலாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தாளால் மூடி, நடுவில் 1 சென்டிமீட்டர் துளை போடுங்கள். வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளியுள்ள இருட்டறைச் சுவரில் ஒளியை விழவையுங்கள். சுமார் 19 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமான சூரியன் வந்து நிற்கும். சூரியனையோ கண்ணாடியையோ நேராகப் பார்க்கவே கூடாது. யார் கண்ணிலும் ஒளியை அடிக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வட்டத்தின் அகலத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, ஜூலைத் தொடக்கத்தில் ஒன்று. கண்ணாடி, துளை, தூரம் எதுவும் மாறக் கூடாது. ஜனவரியில் நாம் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம், ஜூலையில் 15.2 கோடி. ஆகவே இரண்டு அளவுகளுக்கும் அரை சென்டிமீட்டர் போல வித்தியாசம் வர வேண்டும். எது பெரியது என்று அளப்பதற்கு முன்பே யோசித்து எழுதி வையுங்கள்!