வடகாற்று எட்டாத ஊர்

அலாஸ்காவின் தென்கிழக்கே, சிச்சகாஃப் தீவின் கரையில் அமைந்த மீனவர் சிற்றூர் ஹூனா. ஆயிரம் பேருக்கும் குறைவானோர் வாழும் இவ்வூரை ஒரே பகலில் நடந்தே சுற்றிவிடலாம்; அங்குக் காண்பவற்றின் பின்னணியை அறிவதற்குத்தான் ஒரு பகல் போதாது. இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் திலிங்கிட் என்னும் தொல்குடியினர். 'வடகாற்று எட்டாத இடம்' எனப் பொருள்படும் அவர்தம் மொழிச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று.

காலையில் துறைமுகத்தில் சால்மன், ஹாலிபட் மீன்களைப் பிடிக்கும் படகுகள் நிற்கின்றன. ஊருக்குச் சற்று அப்பால், நீர் விளிம்பில் நிற்கும் பழைய ஆலை, 1912இல் சால்மனைத் தகரக்குவளைகளில் அடைப்பதற்காகக் கட்டப்பட்டது. இன்று அது சுற்றுலாக் கப்பல்களில் வருவோர் காணும் இடமாகிவிட்டது.

ஊருக்குள் பழைமையான வீடுகளைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். 1944இல் மூண்ட பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை எரித்தது. வீடுகளைப் பின்னர்க் கட்டிக்கொள்ள முடிந்தது. குலங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சடங்கு ஆடைகளையும் அணிகளையும் மீட்க இயலவில்லை. திலிங்கிட் மக்களிடையே இவை தனியொருவர் உடைமையல்ல, குலத்தின் பொதுச்சொத்து. அம்மக்கள் அண்டங்காக்கை, கழுகு என இரு பெரும்பிரிவினர். ஒரு பிரிவினர் மற்றப் பிரிவிலேயே மணம் கொள்வர். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வர்.

உண்மையில் ஹூனா இவர்களின் முதல் ஊரன்று. கடலிடுக்கின் வடகரையிலுள்ள கிளேசியர் விரிகுடாவே இவர்தம் தாயகம். 18ஆம் நூற்றாண்டில் முன்னேறிவந்த பனியாறு அங்கிருந்த ஊர்களை அழிக்க, மக்கள் புலம்பெயர்ந்தனர். 1794இல் வான்கூவரின் குழுவினர் வந்தபோது விரிகுடாவின் வாயிலருகிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் ஜான் மியூர் வந்தபோதோ அது நெடுந்தொலைவு பின்வாங்கியிருந்தது. பனி விலகியதும் மக்கள் மீண்டும் அங்கே மீன்பிடிக்கவும் கடற்காக்கை முட்டை சேகரிக்கவும் சென்றனர். ஆயினும், 1925இல் அரசு அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. காலப்போக்கில் முட்டை எடுப்பதும் தடைசெய்யப்பட்டது.

இத்தடை பறவைகளின் நலனுக்காகவே எனத் தோன்றலாம். ஆனால், முட்டை எடுப்பதற்கு அம்மக்களிடம் நுட்பமான நெறி இருந்தது. ஒன்றோ இரண்டோ முட்டை உள்ள கூட்டில் மட்டுமே எடுப்பர். மூன்று இருப்பின் அடைகாத்தல் தொடங்கியிருக்கும் என்று விட்டுவிடுவர். முட்டை குறைந்த பறவை மீண்டும் இட்டுக் குறையை நிரப்பிக்கொள்ளும். ஆய்வாளர்களும் இந்நெறியின் பொருத்தத்தை உணர்ந்தனர். 2014இல் நிறைவேறிய சட்டம், அங்கு முட்டை சேகரிக்க ஹூனா மக்களுக்கு மீண்டும் வழிவகுத்தது.

2016 ஆகஸ்டில் விரிகுடாக் கரையில் ஹூனா குலங்களுக்கான மரபு இல்லம் திறக்கப்பட்டது. அன்று ஹூனா மக்கள் சிலர், மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் துடுப்பு வலித்துக் கடலிடுக்கைக் கடந்து முன்னோர் கரையை அடைந்தனர். குலத்தாரின் ஆடைகளை அணிந்த முதியோர் கரையில் அவர்களுக்காகக் காத்திருந்தனர்.