ஸ்காலர்ஷிப் காசுல ஒரு வெந்நீர்க் குளியல்!

வெளியே மைனஸ்ல குளிர். மரமெல்லாம் பனி. மார்பளவு வெந்நீர்ல நின்னுக்கிட்டு ரெண்டு தாத்தாக்கள் படு சீரியஸா செஸ் ஆடிக்கிட்டு இருக்காங்க. சுத்தி ஆவி பறக்குது, பின்னாடி மஞ்சள் கலர்ல ஒரு அரண்மனை. ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்னு நெட்ல தட்டினா முதல்ல வந்து விழுற போட்டோக்கள்ல இதுவும் ஒண்ணு. அரண்மனை மாதிரி தெரியுறது சேச்செனி குளியல் மாளிகை. காசு குடுத்துக் குளிக்கிற இடம்.

'நமக்கெதுக்குப்பா இதெல்லாம்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. 'ஸ்டைபெண்டியம் ஹங்காரிகம்'னு ஹங்கேரி அரசாங்கம் ஒரு ஸ்காலர்ஷிப் தருது. இந்திய மாணவர்களுக்கு வருஷத்துக்கு 200 இடம். டியூஷன் ஃபீஸ் கிடையாது. இதுக்கு அப்ளிகேஷன் தட்டிக்கிட்டு இருக்கிற ஆசாமி உங்க ஹாஸ்டல்லயே ஒருத்தராவது இருப்பார். அங்கே போய் இறங்கினதும் ஒரு நாளாவது அந்தக் குளத்துல ஊறணும்னு ஆசை வரும். அப்போ காலை வாரி விடுற விஷயம் ரெண்டு. ஒண்ணு பர்ஸ். இன்னொண்ணு வெட்கம்.

முதல்ல பர்ஸ். அந்த ஸ்காலர்ஷிப்ல இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு மாசம் 43,700 ஃபோரிண்ட் கைக்கு வரும். சேச்செனி டிக்கெட் 10,000 ஃபோரிண்ட்டைத் தாண்டியாச்சு. நம்ம ஊர்க் கணக்குல 2,500 ரூபாய்க்கு மேல. அதாவது மாசக் காசுல கால்வாசியை ஒரே நாள்ல தண்ணியில விடப் போறீங்க! சனி, ஞாயிறு போனா இன்னும் கூட. சாதா லாக்கருக்குப் பதிலா தனி கேபின் கேட்டா அதுக்கும் எக்ஸ்ட்ரா. டவலை ஹாஸ்டல்ல மறந்துட்டுப் போனா அதுக்கும் அழணும். அதனால 'சும்மா எட்டிப் பார்த்துட்டு வரலாம்'ங்கிற பேச்சே கூடாது. டிக்கெட் நாள் முழுக்கச் செல்லும். வார நாள்ல, கிளாஸ் இல்லாத ஒரு நாளாப் பார்த்து, கதவு திறக்கிற நேரத்துக்கே உள்ளே நுழையறதுதான் புத்திசாலித்தனம். காலையில ரெகுலர் தாத்தா பாட்டிகள்தான் இருப்பாங்க. டூரிஸ்ட் கும்பல் எழுந்து, சாப்பிட்டு, கேமராவோட வந்து சேர மதியம் ஆகிடும்.

கொடுக்கிற காசுக்கு என்னதான் தர்றாங்க? இன்ஜினீயரிங் பசங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. இந்தத் தண்ணியை யாரும் பாய்லர் வெச்சுக் காய்ச்சலை. புடா பக்கத்து மலைகள்ல பெய்யுற மழை, சுண்ணாம்புப் பாறை இடுக்கு வழியா ஆழமா இறங்கி, பூமிச் சூட்டுல வெந்து, பல ஆயிரம் வருஷம் கழிச்சு மேலே வருது. டான்யூப் நதி ஓரமா அதுவே ஊற்றா வெளியே வந்துடும். ஆனா சேச்செனி இருக்கிற பெஸ்ட் பக்கம் சமவெளி. அங்கே தண்ணி தானா வராது, துளை போடணும். வில்மோஷ் ஜிக்மோண்டினு ஒரு சுரங்க இன்ஜினீயர் 1868-ல தோண்ட ஆரம்பிச்சார். பத்து வருஷம்! ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கே நமக்கு நாக்கு தள்ளுது. 1878-ல 970 மீட்டர் ஆழத்துல இருந்து 74 டிகிரி தண்ணி பீறிட்டு வந்துச்சு. அந்த நம்பிக்கையிலதான் 1913-ல இந்த மாளிகையையே கட்டித் திறந்தாங்க. 1938-ல இன்னொரு கிணறு. இது 1,200 மீட்டருக்கும் கீழே, சூடு 77 டிகிரி. அப்படியே இறங்கினா ஆள் அவிஞ்சிடுவார், அதனால ஆற வெச்சுத்தான் குளத்துக்கு விடுறாங்க. மிச்சச் சூட்டையும் வீணாக்கலை. பக்கத்து மிருகக்காட்சி சாலைக்கு இந்தத் தண்ணி போகுது. அங்கே இருக்கிற நீர்யானைகளுக்கு தினமும் வெந்நீர்க் குளியல், டிக்கெட் இல்லாம!

மொத்தம் 18 குளம். வெளியே 3, மத்தது உள்ளே. போட்டோவுல வர்றது வெளியே இருக்கிற 38 டிகிரி குளம். நம்ம உடம்புச் சூடே சுமார் 37. சுத்தி இருக்கிற தண்ணி அதைவிடச் சூடா இருந்தா உடம்புக்குள்ள இருக்கிற வெப்பம் வெளியேற வழியே இல்லை. வேர்த்தாலும் தண்ணிக்குள்ள ஆவியாகாது. ரத்தக் குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும். அதனாலதான் ஒரு தடவைக்கு 20 நிமிஷத்துக்கு மேல வேணாம்னு சொல்றாங்க. சுகமா இருக்கேனு ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு டக்குனு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ஊறு, மெதுவா எழு, தண்ணி குடி, கொஞ்ச நேரம் உட்காரு, மறுபடி இறங்கு. இப்படிப் பிரிச்சுக்கிட்டா ஒரு நாள் தாராளமா ஓடும். இதயக் கோளாறு, பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போறது நல்லது. பீர் அடிச்சுட்டு இறங்கலாமானு கேட்கிற நண்பர்களுக்கு... வேணாம் மச்சி.

இப்போ வெட்கம். நம்ம பசங்க பெர்முடாவும் டி-ஷர்ட்டுமா குளத்துல குதிச்சே பழக்கம். பொண்ணுங்க நிலைமையைச் சொல்லவே வேணாம், சுடிதாரோட கடல்ல கால் நனைக்கிறதோட சரி. இங்கே அந்தக் கதை நடக்காது. நீச்சலுக்குன்னே தைச்ச டிரஸ்தான் போடணும். இறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல குளிச்சாகணும். ரப்பர் செருப்பு அவசியம். நடுவுல இருக்கிற நீச்சல் குளத்துக்கு மட்டும் தலைக்குத் தொப்பி கட்டாயம். இதையெல்லாம் இங்கிருந்தே வாங்கிப் பெட்டியில போட்டுக்கிட்டா அங்கே செலவு மிச்சம். வெள்ளிக் கொலுசு, மோதிரம், அரைஞாண் இருந்தா கழட்டி வெச்சுடுங்க. உள்ளே சில குளங்கள்ல லேசா கந்தக வாடை வரும், வெள்ளி கறுத்துப் போகும்.

"எல்லாம் சரி, என் தொப்பையை எவன் பார்க்கிறது?"னுதானே யோசிக்கிறீங்க? ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஏன்னா அந்த ஊர்க்காரங்களுக்கு இது ஃபேஷன் ஷோ கிடையாது, வைத்தியம். மூட்டு வலி, முதுகு வலின்னு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தே அனுப்புறாங்க. அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் அந்தச் சிகிச்சைச் செலவுல ஒரு பங்கைத் தாங்கிக்குது. ஆபரேஷன் தழும்போட பாட்டி, கைத்தடியைக் கரையில சாய்ச்சுட்டு இறங்குற தாத்தானு எல்லா சைஸ் உடம்பும் அங்கே உண்டு. கூச்சம் போகலைனா படியிறங்குற வரைக்கும் துண்டைப் போர்த்திக்கோங்க. தண்ணிக்குள்ள போயிட்டா எல்லாருக்கும் தலை மட்டும்தான் தெரியும். நீச்சல் தெரியாதேன்னும் கவலை வேணாம், வெந்நீர்க் குளத்துல படியிலேயே உட்கார்ந்துக்கலாம்.

போறது ரொம்ப ஈஸி. மஞ்சள் லைன் மெட்ரோ, 'சேச்செனி ஃபூர்தோ'ங்கிற ஸ்டேஷன். 'ஃபூர்தோ'ன்னா குளியல் இல்லம். அந்த மெட்ரோவே ஒரு மியூசியம் மாதிரிதான். 1896-ல ஓட ஆரம்பிச்சது. லண்டனை விட்டுட்டுப் பார்த்தா ஐரோப்பியக் கண்டத்துலயே முதல் சுரங்க ரயில். குளிச்சு முடிச்சதும் அகோரப் பசி எடுக்கும். 'லாங்கோஷ்'னு எண்ணெயில பொரிச்ச ரொட்டி ஒண்ணு ஊர் முழுக்கக் கிடைக்கும். சோளா பூரிக்கு அண்ணன்னு வெச்சுக்கலாம், மேலே புளிச்ச க்ரீமும் துருவின சீஸும். சைவக்காரங்க தைரியமா ஒரு வெட்டு வெட்டலாம்.

பழைய கைடு புக்கை நம்பி 'கெல்லர்ட்' குளியலுக்குப் போயிடாதீங்க. 1918-ல திறந்த அந்த அழகான இடத்தை ரிப்பேர் வேலைக்காக 2025 அக்டோபர்ல மூடிட்டாங்க. மறுபடி திறக்க 2028 ஆகும்னு திட்டம். துருக்கியர் காலத்து 'ருடாஷ்' 16-ம் நூற்றாண்டு கட்டடம். எண்கோணக் குளம், மேலே கல் குவிமாடம். அங்கே ஆண்களுக்குனு தனி நாள், பெண்களுக்குனு தனி நாள் வைக்கிறது பழைய வழக்கம். கலந்து குளிக்கக் கூச்சப்படுறவங்க அதை விசாரிச்சு வெச்சுக்கலாம். அங்கே ஆண்கள் பரம்பரையா கட்டுறது இடுப்புல முடிச்சுப் போடுற ஒரு சின்னத் துணி. கோமணத்துக்குத் தூரத்துச் சொந்தம்!

என்னைக் கேட்டா, முதல் தடவை சேச்செனி. ஆயுசுக்கும் ஒரு போட்டோ ஆச்சு. ரெண்டாவது தடவை ஃபெரென்ட்ஸ்வாரோஷ் ஏரியாவுல இருக்கிற 'டாண்டார்' பக்கம் போங்க. 1930-ல கட்டின சின்ன இடம். அரண்மனை, தங்க முலாம் எதுவும் கிடையாது, கேமராக் கும்பலும் கிடையாது. டிக்கெட் சேச்செனியைவிட ரொம்ப மலிவு. டெப்ரெட்சன் யுனிவர்சிட்டியில சீட் கிடைச்சவங்களுக்கு இந்த அலைச்சலே வேணாம். கேம்பஸை ஒட்டின காட்டுக்குள்ளயே ஒரு வெந்நீர்க் குளியல் இருக்கு. எங்கே போறதா இருந்தாலும் முந்தின நாள் ராத்திரி அவங்க வெப்சைட்ல நேரத்தையும் ரேட்டையும் பார்த்துடுங்க. அந்த ரெண்டும் அடிக்கடி மாறும்.