தொடக்கக் கல்லூரியில் இசையும் ஒரு பாடம்

உயர்நிலை நான்கை முடிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒன்று நடக்கிறது. ஏழெட்டு வயதில் பாட்டு வகுப்பிலோ வீணை வகுப்பிலோ சேர்த்த பிள்ளை, கீதம், வர்ணம், கீர்த்தனை என்று வளர்ந்து மேடையேறும் நிலைக்கு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, "அடுத்த ரெண்டு வருஷம் முக்கியம், பாட்டெல்லாம் அப்புறம்" என்று வகுப்பை நிறுத்திவிடுகிறோம். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை. பத்தாண்டுப் பயிற்சி அலமாரியில் இருக்கும் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது.

அந்த இசையையே மேல்நிலைத் தேர்வுக்கு ஒரு பாடமாக எடுக்கலாம் என்பது நம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் எச்2 நிலையில் இசை ஒரு முழுப் பாடம். கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் உள்ள அதே மதிப்புதான் இதற்கும். கல்வி அமைச்சின் இசைச் சிறப்புத் திட்டம் 1982இல் தொடங்கியது. ராஃபிள்ஸ், தெமாசெக், ஆங்கிலோ-சீனத் தொடக்கக் கல்லூரி போன்ற ஒருசில கல்லூரிகள் இதில் பெயர் பெற்றவை. எல்லாக் கல்லூரிகளிலும் இந்தப் பாடம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெற்றோர் உடனே கேட்பது, "மருத்துவத்துக்குப் போக முடியாமல் போய்விடுமே?" என்பதைத்தான். தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்கு எச்2 வேதியியல் தேவை, அதோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியல் தேவை. மூன்றாவது எச்2 எதுவாக இருக்க வேண்டும் என்று அங்கே கேட்பதில்லை. அறிவியல் மாணவர் தம் துறைக்கு மாறான ஒரு பாடத்தை எப்படியும் எடுத்தாக வேண்டும். பொருளியல் எடுக்கும் இடத்தில் இசையை எடுக்கலாம். கல்லூரியின் கால அட்டவணை அந்தச் சேர்க்கைக்கு இடம் தருகிறதா என்பது மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

மதிப்பெண் கணக்கும் மாறியிருக்கிறது. முன்பு பல்கலைக்கழக நுழைவுக்கு 90 புள்ளிகள். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடம், மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேரும். ஆக மூன்று எச்2 பாடங்களின் எடை முன்பைவிடக் கூடிவிட்டது. எச்2வில் 'ஏ'க்கு 20 என்றால் 'பி'க்கு 17.5. பிள்ளைக்கு உண்மையிலேயே எது வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம். விருப்பமில்லாத பாடத்துக்கு வாரம் இரண்டு துணைப்பாட வகுப்பு அனுப்புகிறோமே, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, பாட்டு வகுப்பில் பத்தாண்டு படித்த பிள்ளை நேராகப் போய் உட்கார்ந்துவிட முடியுமா? முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. எச்2 இசையில் வாசித்தல் அல்லது பாடுதல், சொந்தமாக இசை அமைத்தல், கேட்டு ஆராய்ந்து எழுதுதல் என எல்லாம் உண்டு. இதன் அடித்தளம் பெரிதும் மேற்கத்திய இசை. நம் பிள்ளைகளுக்கு முதலில் இடறும் கல், ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறியீடு.

நம் முறையில் 'ஸ' பாடகருக்கு ஏற்ப நகரும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று வைத்துக்கொள்கிறோம். ஐந்து கோட்டுத் தாளில் 'சி' என்றால் அது எப்போதும் அதே சுரம்தான், பாடுபவர் யாராக இருந்தாலும். இந்த ஒரு வேறுபாடு பிடிபடவே சில மாதங்கள் ஆகும். ஆனால் பிடிபட்டபின் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும். பியானோவில் 'சி'யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணம் வருகிறது. அதே வெள்ளைக் கட்டைகளில் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, மத்தியமத்தை ஆக்கினால் கல்யாணி, தைவதத்தை ஆக்கினால் நடபைரவி. கிரகபேதம் என்று நம் குருமார்கள் சொல்வதைத்தான் அவர்கள் டோரியன், லிடியன், ஏயோலியன் என்று பெயரிட்டுப் படிக்கிறார்கள். சுரத்தானங்கள் ஒன்று, கமகம்தான் வேறு. மிருதங்கம் படித்த பிள்ளைக்கு ஏழு எண்ணிக்கையில் வரும் தாளம் மிஸ்ரசாபுவாகக் காதில் விழும். மற்ற மாணவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையான சிரமம் ஒத்திசையில் இருக்கிறது. நம் இசை ஒரே வரியில் ஓடுவது, பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும். மேற்கத்திய முறையில் நான்கு குரல்கள் நான்கு வழியில் நடந்து ஒவ்வோர் அடியிலும் பொருந்த வேண்டும். பாக் எழுதிய நான்கு குரல் துதிப்பாடல்களை வைத்துத்தான் இதைப் பழக்குவார்கள். அதில் ஒரு விதி, இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளியிலேயே சேர்ந்து நகரக்கூடாது என்பது. ஸ-ப சேர்க்கையைக் கேட்டே வளர்ந்த காதுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்! குறைந்தது இரண்டாண்டு முன்பே, அதாவது உயர்நிலை இரண்டு அல்லது மூன்றிலேயே, மேற்கத்திய இசைக் கோட்பாட்டை ஒரு ஆசிரியரிடம் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதி தாங்கக்கூடியதாக இருக்கும். கல்லூரி தொடங்கும் பிப்ரவரியில் ஆரம்பிப்பது மிகவும் தாமதம் என்பது என் கருத்து.

இசையை அதற்குமேல் தொடர விரும்பினாலும் வழி உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைப்பள்ளி 2003இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கு நுழைய, வாசித்துக் காட்டும் தேர்வு உண்டு. நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் செயல்படத் தொடங்கியது. பள்ளி இசை ஆசிரியர் வேலையும் இருக்கிறது. கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் இரண்டுமே கைவந்த ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்காகப் பாட்டு வகுப்பை விட்டுவிட வேண்டாம். 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் அங்கேயே தொடரட்டும். கல்லூரிப் பாடம் அதற்கு மாற்று ஆகாது.

கல்லூரிகள் திறந்த இல்லம் நடத்தும் நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். இசைத் துறை ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கள். வீணையையோ வாய்ப்பாட்டையோ தேர்வில் அளிக்க ஏற்பார்களா, அதற்கான பயிற்சியை யார் தருவார்கள், செலவை யார் ஏற்பது, தேர்வு நாளில் மிருதங்கமோ வயலினோ பக்கவாத்தியமாக வரலாமா என்று கேளுங்கள். நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க நினைத்தால் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். பிள்ளை பாடிய ஒரு வர்ணத்தையும் ஒரு கீர்த்தனையையும் நல்ல ஒலிப்பதிவாகக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அவர்கள் கேட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.