ஜப்பான் மொழியா, கொரிய மொழியா? தமிழருக்கு எது எளிது?

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அந்த வட்டாரத்தில் கோவில் மணியோடு தொழிற்சாலைச் சங்கும் ஒலிக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் தென் கொரியாவின் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து 1998-ம் ஆண்டு முதல் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு ஜப்பானின் நிசானும் பிரான்சின் ரெனோவும் சேர்ந்து கார் தொழிற்சாலை திறந்தன. பக்கத்தில் உள்ள வல்லம் வடகாலில் ஜப்பானின் யமஹா மோட்டார் சைக்கிள் செய்கிறது.

எந்திரம் வந்தால், அதை அறிந்த என்ஜினீயரும் வருவார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் இவர்களைத் 'துபாஷி' என்பார்கள். எந்திரத்தின் அருகே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் கைவிரல் போய்விடும். துபாஷியின் வேலை அவ்வளவு பொறுப்பானது.

மகனையோ மகளையோ எந்த மொழி வகுப்பில் சேர்ப்பது என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வாக்கியம் நம்முடையது!

'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்' என்கிறோம். வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது நடுவில் வந்துவிடும்.

ஜப்பானியர் 'வதாஷி வா கோஹன் ஓ தபேமாஸ்' என்பார். 'வதாஷி' என்றால் நான். 'கோஹன்' என்றால் சோறு. 'தபேமாஸ்' என்றால் சாப்பிடுகிறேன்.

கொரியர் 'நானுன் பாபுல் மொகொயோ' என்பார். 'நா' என்றால் நான். 'பாப்' என்றால் சோறு.

மூன்றிலும் சொற்களின் வரிசை ஒன்றே. 'சோற்றை' என்பதில் 'ஐ' ஒட்டுவதுபோல, ஜப்பானில் 'ஓ' வருகிறது; கொரியாவில் 'உல்' வருகிறது. 'நானும்' என்பதற்கு ஜப்பானில் 'வதாஷி மோ', கொரியாவில் 'நாதோ'. நம் 'உம்' செய்யும் வேலையை அங்கே 'மோ'வும் 'தோ'வும் செய்கின்றன.

ஒரு விஷயத்தில் அவை தமிழைவிட எளிது. நாம் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறான் என்று மாற்றுகிறோம். அங்கே ஆளுக்கு ஆள் வினை இப்படி மாறுவது இல்லை.

எழுத்தில்தான் வேற்றுமை

தமிழில் 247 எழுத்துக்கள். கொரிய மொழியில் அடிப்படை எழுத்துக்கள் 24 மட்டுமே. அவற்றைச் சேர்த்துக் கட்டம் கட்டமாக எழுதுகிறார்கள்.

அந்த எழுத்துக்களை உண்டாக்கியவர் செஜோங் என்ற மன்னர். அதற்குமுன் கொரியர்கள் சீன எழுத்தில் எழுதினார்கள். ஏழை எளியவர்களுக்கு அது எட்டவில்லை. அவர்களும் படிக்க வேண்டும் என்று மன்னர் 1443-ம் ஆண்டு புது எழுத்தை அமைத்தார். 1446-ல் அதை நாட்டுக்கு அறிவித்தார். அரண்மனைப் புலவர்கள் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் விடவில்லை. தென் கொரியாவில் இன்று அக்டோபர் 9-ந் தேதி எழுத்துத் திருநாள், அரசு விடுமுறை!

ஜப்பானில் அப்படி அல்ல. 46 எழுத்துக்கள் கொண்ட வரிசை இரண்டு உண்டு. அவற்றோடு சீனாவில் இருந்து வந்த எழுத்துக்களும் சேரும். பொது வழக்குக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 சீன எழுத்துக்கள் உள்ளன. இவற்றைக் கற்க வருடக்கணக்கில் ஆகும்.

உச்சரிப்பில் நிலைமை தலைகீழ்!

ஜப்பானில் 'ஒபசன்' என்றால் அத்தை. 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில், நெடில் தெரிந்த தமிழருக்கு இது சிரமம் இல்லை. 'படு' வேறு, 'பாடு' வேறு என்பது நம் குழந்தைக்கும் தெரியும்.

கொரிய மொழியில் 'புல்' என்ற ஒலி மூன்று விதம். மெதுவாகச் சொன்னால் நெருப்பு. மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல். அழுத்திச் சொன்னால் கொம்பு. இதற்குக் காதைப் பழக்க வேண்டும்.

மரியாதை முக்கியம்

கொரிய மொழியிலும் 'வா' என்றால் வா! ஆனால் மேலதிகாரியை அப்படி அழைத்தால் தவறு. 'ஓசேயோ' என்று சொல்ல வேண்டும். அதுதான் 'வாருங்கள்'. ஜப்பானிலும் பெரியவரிடம் பேசும் முறை வேறு, நண்பரிடம் பேசும் முறை வேறு.

கொரியக் குழந்தையும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறது. இதனால் மொழிகள் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1905-ம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஜப்பான் அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டு என்று வாதாடினார். மொழி அறிஞர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் ஒற்றுமை படிப்பவருக்கு உதவும்.

எதைப் படிப்பது?

எழுத்து சீக்கிரம் வர வேண்டும் என்றால் கொரிய மொழி. உச்சரிப்பு சுலபமாக வர வேண்டும் என்றால் ஜப்பான் மொழி. ஆனால் எளிது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்தத் தொழிற்சாலையில், என்ன வேலைக்குப் போக விருப்பம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையில் உள்ள இன்கோ மையம் கொரிய மொழி கற்பிக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வுக்கும் சென்னையில் மையம் உண்டு. அந்தத் தேர்வில் ஐந்து படிகள். 'என்-5' முதற்படி, 'என்-1' கடைசிப்படி. முதற்படி தேறியதும் துபாஷி ஆகிவிட முடியாது. பல ஆண்டு உழைக்க வேண்டும்.

எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, 'இது சோறு போடுமா?' என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது ஜப்பானிய, கொரிய வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க அந்த இலக்கணமே கைகொடுக்கிறது. தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு வகுப்பில் பாதி தூரம் குறைந்துவிடுகிறது.